பாலாற்றுப் பாலத்தில் ரேங்க் 2

வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும் பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் கோவிந்தா போடுவார்கள். காதங்கி சுங்கச்சாவடி வந்து போவதை யாரும் கவனிப்பதில்லை. அந்த ஊரில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தின் வளாகத்துக்குள் 1024 ஆண்டெனாக்கள் நிற்கின்றன. வரிசைக்கு 32, அப்படி 32 வரிசைகள். ஏறக்குறைய 130 மீட்டருக்கு 130 மீட்டர் நிலத்தை அவை அடைத்துக்கொண்டிருக்கின்றன. தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அளக்கும் ரேடார் அது. அதில் ஒரு கம்பிகூட அசையாது. ஆனாலும் அது வானத்தில் பார்க்கும் திசை மாறும். ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் போகும் அலையைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி அனுப்பினால் போதும். அலைகளெல்லாம் கூடி வலுக்கும் திசை இடம் மாறிவிடும்.

அதே வேலையைச் செய்யும் 5ஜி பெட்டி ஒன்று வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டவரில் தொங்குகிறது. உயரம் ஒரு மீட்டர்கூட வராது. அதற்குள் 192 குட்டி ஆண்டெனாக்கள். காதங்கியின் ரேடார் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, அதன் அலைநீளம் ஐந்தரை மீட்டருக்கும் மேல். 5ஜி பெட்டி இயங்குவது 3.5 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில், அலைநீளம் எட்டரை சென்டிமீட்டர். ஆண்டெனாவின் அளவும் அவற்றுக்கிடையே விட வேண்டிய இடைவெளியும் அலைநீளத்தைப் பொறுத்தவை என்பதால் ஒரு மைதானம் பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

நான் மொபைல் நெட்வொர்க் வேலையில் இருக்கிறவன். லேப்டாப்பையும் நான்கைந்து போன்களையும் காரில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சிக்னல் அளப்பதுதான் பிழைப்பு. தொழிலில் அதற்கு ட்ரைவ் டெஸ்ட் என்று பெயர். ஆம்பூரில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது சின்னம்மா மகன் பிடித்துக்கொண்டான். "அண்ணா, 5ஜியில் 64 ஆண்டெனா என்கிறார்களே, அப்படியென்றால் 64 மடங்கு வேகமா?" பிரியாணி வந்துவிட்டதால் தப்பித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், எத்தனை ஆண்டெனா என்பது இரண்டாவது கேள்வி. அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறாகக் கேட்கின்றன என்பதே முதல் கேள்வி. விளம்பரம் முதல் கேள்வியைக் கேட்பதே இல்லை.

என் வயது வட ஆற்காட்டுக்காரர்களுக்கு ஆண்டெனா என்றாலே மொட்டைமாடியில் சென்னையைப் பார்த்து நின்ற அலுமினியக் கம்பிகள்தாம். ஜப்பானியர்களான உடாவும் யாகியும் 1926இல் வெளியிட்ட வடிவம் அது. காதங்கியில் நிற்பவையும் அதே சாதிதான். வேலூரைச் சுற்றி மலைகள். சென்னையிலிருந்து நேராக வரும் அலையோடு, மலையில் மோதித் தாமதமாக வரும் அலையும் ஆண்டெனாவில் விழும். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொருவர் உட்கார்ந்து அதே செய்தியை வாசித்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டாமவரை ஒழிக்கத்தான் அப்பா கம்பத்தைத் திருப்புவார், கீழிருந்து நாங்கள் கத்துவோம். வானொலிப் பொறியியலும் அறுபது எழுபது ஆண்டுகளாக அதே காரியத்தைத்தான் செய்துவந்தது. எதிரொலித்து வரும் அலை எதிரி, அதை ஒழிக்க வேண்டும்.

மொபைல் வந்தபோது எதிரி பெருகிவிட்டான். டவரிலிருந்து போனுக்கு அலை ஒரே வழியில் வருவதில்லை. சுவரில், பஸ்ஸில், தண்ணீர்த் தொட்டியில் மோதிப் பல வழிகளில் வருகிறது. காட்பாடி நிலையத்தின் நடைமேடையில் ஒரே அறிவிப்பு நான்கு ஒலிபெருக்கிகளிலிருந்து வந்து ஒன்றையொன்று விழுங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ஓரிடத்தில் ஒன்றும் புரியாது, நாலு எட்டு நகர்ந்தால் தெளிவாகக் கேட்கும். போனுக்கும் அதுவே நடக்கிறது. ஓரிடத்தில் அலைகள் கூடி வலுக்கின்றன, சுமார் அரை அலைநீளம் நகர்வதற்குள் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. 3.5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் நான்கு சென்டிமீட்டர் சொச்சம்.

இதற்கு முதலில் கண்ட மருந்து எளியது. இரண்டு ஆண்டெனாக்களைத் தள்ளித்தள்ளி வைத்தால் ஒன்று பள்ளத்தில் விழும்போது மற்றொன்று மேட்டில் இருக்கும். 2ஜி காலத்து டவர்களில் ஒரே பக்கம் பார்த்தபடி இரண்டு ஆண்டெனாக்கள் பல மீட்டர் இடைவெளியில் நின்றது அதற்காகத்தான். பிறகு இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டார்கள். அலை அதிரும் திசையை ஒன்றில் இடப்பக்கம் 45 பாகையும் மற்றொன்றில் வலப்பக்கம் 45 பாகையும் சாய்த்தார்கள். இடைவெளி கொடுத்த வேறுபாட்டைச் சாய்வு கொடுத்தது. இன்று தெருவில் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் நீளமான வெள்ளைப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குள் இந்தக் குறுக்குச் சாய்வு ஜோடிதான் இருக்கிறது. ஆண்டெனா வடிவமைப்பில் இதைவிடச் சிக்கனமான யோசனையை நான் பார்த்ததில்லை.

எதிரொலியை எதிரியாகப் பார்க்காமல் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படைக்காரர். 1971 போரில் குக்ரி கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பிறகு கடற்படையின் சோனாரை மேம்படுத்தும் வேலை அவரிடம் வந்தது. பின்னர் அப்ஸோ என்ற உள்நாட்டுச் சோனாரை உருவாக்கினார். சோனார் என்பது தண்ணீருக்கடியில் பல ஒலிவாங்கிகளைச் சேர்த்துவைத்து, குழம்பி வரும் ஒலிகளிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்கும் வித்தை. கடற்படையை விட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போன பிறகு அவர் எடுத்துக்கொண்டதும் ஒரே அதிர்வெண்ணில் கலந்துவரும் சிக்னல்களைப் பிரிக்கும் கேள்விதான். 1992இல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில், பல ஆண்டெனாக்களிலிருந்து வெவ்வேறு தரவுகளை அனுப்பிப் பல ஆண்டெனாக்களால் பிரித்தெடுப்பது என்பதே அதன் சாரம். இதற்குத்தான் மிமோ என்று பெயர். 1996இல் பெல் ஆய்வகத்தின் ஜெரார்ட் ஃபாஷினி இதன் கொள்ளளவு, அதாவது இப்படி அனுப்பக்கூடிய தரவின் அளவு, எவ்வளவு தூரம் வளரும் என்பதைக் கணக்கோடு காட்டினார். பால்ராஜ் 1998இல் தொடங்கிய ஐயோஸ்பான் நிறுவனத்தை 2003இல் இன்டெல் வாங்கியது. 2009இல் வந்த வைஃபை தரநிலையில் மிமோ வீட்டுக்குள் நுழைந்தது. 2014இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு. அவர் பெயர் நம் பொறியியல் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். முடிவைச் சொல்லாமல் விடுகிறேன்.

மிமோவின் கணக்கு உண்மையில் பத்தாம் வகுப்புக் கணக்கு. டவர் x, y என்று இரண்டு எண்களை ஒரே நேரத்தில் அனுப்புகிறது என்று வையுங்கள். போனின் முதல் ஆண்டெனாவில் விழுவது x + y = 10. இரண்டாவது ஆண்டெனாவுக்கு வேறு வழியில் அலை வந்ததால் x − y = 0. இரண்டு சமன்பாடுகள், இரண்டு தெரியாத எண்கள், விடை 5, 5. இரண்டாவது அளவீட்டில் இரைச்சலால் 0 என்பது 0.01 ஆகிவிட்டால் விடை 5.005, 4.995. குடிமுழுகிப் போகாது.

இப்போது இரண்டு ஆண்டெனாக்களும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கின்றன என்று வையுங்கள். முதலாவது x + y = 10, இரண்டாவது x + 1.01y = 10.05. விடை அதே 5, 5 தான். இங்கும் இரைச்சல் அதே 0.01 அளவு நுழைந்து 10.05 என்பது 10.06 ஆகட்டும். விடை 4, 6 என்று புரண்டுவிடுகிறது. ஆண்டெனா எண்ணிக்கை மாறவில்லை, இரைச்சலும் மாறவில்லை. இரண்டும் ஒரே மாதிரி கேட்டதுதான் வினை. இரண்டு சமன்பாடுகளும் அச்சு அசலாக ஒன்றேயானால் இருக்கும் ஆண்டெனா ஒன்றுதான், மற்றது அலங்காரம்.

x, y போல எத்தனை தரவுத் தொடர்களை அந்த நொடியில் பிரித்தெடுக்க முடிகிறது என்பதைப் போன் டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ரேங்க் என்று பெயர். ட்ரைவ் டெஸ்டில் என் கண் முதலில் போவது லேப்டாப் திரையில் அது தெரியும் கட்டத்துக்குத்தான். விருதம்பட்டிலிருந்து பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் திறந்த வெளி. ஆற்றில் மணலும் சீமைக்கருவேலமும், எப்போதாவது தண்ணீர். எதிரே டவர் நேராகத் தெரிகிறது. சிக்னல் பலம் உச்சத்தில் நிற்கும், ரேங்க் 2இல் ஒட்டிக்கொள்ளும். மோதித் திரும்ப ஒன்றும் இல்லாத இடத்தில் எல்லா ஆண்டெனாக்களுக்கும் ஒரே வழியில்தான் அலை வருகிறது. அந்த 2ஐயும் கொடுப்பது குறுக்குச் சாய்வு ஜோடிதான், வெளியில் வேறு உதவி கிடையாது. பாலம் இறங்கி ஊருக்குள் வந்து லாங்கு பஜாரில் நுழைந்ததும் சிக்னல் பலம் சரிகிறது. இரு பக்கமும் கடைகள், தகர ஷட்டர்கள், மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிகள், நகராத லாரி ஒன்று. ரேங்க் 3க்கு ஏறுகிறது, சில நொடிகள் 4ஐத் தொடுகிறது. எங்கள் டிரைவர் கண்ணாடியில் திரையைப் பார்த்துவிட்டு, "சார், பாலத்தில்தானே சிக்னல் முழுசாக இருந்தது, இங்கே எப்படி வேகம் கூடுகிறது?" என்று கேட்டார். தள்ளுவண்டியைக் காட்டி, "அவர் உபயம்" என்றேன். நம்பவில்லை.

இதை மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பஜாரிலிருந்து உள்சந்துக்குப் போய் கான்கிரீட் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்தால் சிக்னல் இரைச்சலுக்குள் அமுங்கி ரேங்க் 1க்கு இறங்கிவிடும். வேறுபாடும் வேண்டும், பிரித்துப் பார்க்கும் அளவுக்குப் பலமும் வேண்டும். பலத்தை மட்டும் கூட்டுவது கட்டுப்படியாகாது என்பதை, தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானன் 1948இலேயே சொல்லிவிட்டார். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் அனுப்பும் சக்தியை இரட்டித்தால் அலைவரிசையின் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு ஒரு பிட்தான் கூடுகிறது. பிரிக்கக்கூடிய தொடர்களை இரட்டித்தால் வேகமே ஏறக்குறைய இரட்டிக்கிறது. உலகம் ஆண்டெனாக்களின் பின்னால் ஓடியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். வீட்டு ரவுட்டரில் இரண்டு குச்சிகள் இருந்தால் இரண்டையும் சிப்பாய் மாதிரி விறைப்பாக நிறுத்தாமல் ஒன்றைப் படுக்கச் சாய்த்துவிடுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் வேறுபாடு.

போனுக்குள் நிலைமை வேறு. அங்கே இடம் இல்லை. 900 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளமே 16 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது போனின் மொத்த நீளம். அதனால்தான் அந்த அலைவரிசைகளுக்கு உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று என்று வைத்துத் திருப்திப்படுகிறார்கள். 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு நான்கு ஆண்டெனாக்கள் அடங்கும். உங்கள் போனின் உலோக விளிம்பைக் கையில் திருப்பிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் தெரியும். விளிம்பைத் துண்டுகளாக்கி அந்தத் துண்டுகளையே ஆண்டெனாவாகப் பயன்படுத்துகிறார்கள். கோடுகள் அதற்கான வெட்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டுகளில் ஒன்று அனுப்பும் சக்தியில் ஒரு பங்கை மற்றொன்று தின்றுவிடும், இரண்டும் கேட்பதும் ஒன்றுபோலாகிவிடும். இதைத் தடுக்க, ஆண்டெனாக்களுக்குப் பொதுவான உலோக அடித்தகட்டில் பிளவு வெட்டுகிறார்கள். பக்கத்து ஆண்டெனாவிலிருந்து கசிந்து வருவதைச் சரியாக எதிர்க்கும் அளவு மின்னோட்டத்தை ஒரு மெல்லிய கம்பி வழியே கொண்டுவந்து கழிக்கிறார்கள். அண்டையிலுள்ளவற்றை ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக அதிரவைக்கிறார்கள். இத்தனையும் செய்த பிறகு நாம் போனை எடுத்துக் கையால் மூடிப் பிடிக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு பொருமல். மாணவர்களின் பிராஜெக்ட் அறிக்கைகள் அவ்வப்போது என் கைக்கு வருகின்றன. நான்கு ஆண்டெனாக்கள் கொண்ட மிமோ, எஃப்.ஆர்.4 என்ற மலிவான சர்க்யூட் போர்டில். ஆண்டெனாக்கள் எவ்வளவு ஒன்றுபோலக் கேட்கின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழு 0.001 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். 1 என்றால் இரண்டும் ஒன்றே, 0 என்றால் முற்றிலும் வேறு. 0.5க்குக் கீழே இருந்தாலே தேறும் என்பது பழைய வரம்பு. அப்படியானால் 0.001 உலக சாதனை அல்லவா? அதைக் கணக்கிட அவர்கள் எடுத்துக்கொள்ளும் சுலபச் சூத்திரம், ஆண்டெனா சக்தி எதையும் வீணாக்குவதில்லை என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. எஃப்.ஆர்.4 போர்டோ இந்த அதிர்வெண்களில் சக்தியைச் சூடாக்கிக் குடிக்கும் பொருள். பக்கத்து ஆண்டெனாவுக்குப் போக வேண்டியது வழியிலேயே போர்டில் கருகிவிடுவதால் அண்டைத் தொந்தரவு இல்லாததுபோல் சூத்திரம் காட்டுகிறது. எவ்வளவு மோசமான ஆண்டெனாவோ அவ்வளவு அழகான எண். ஆண்டெனா எந்தத் திசையில் எவ்வளவு வீசுகிறது என்ற கதிர்வீச்சுப் பாங்கை அளந்து அதிலிருந்து கணக்கிட்டால் உண்மை வெளியே வரும். கையும் தலையும் பக்கத்தில் இருக்கும்போது அளந்தால் இன்னும் கொஞ்சம் வெளியே வரும்.

டவர் பக்கத்தில் பெரிய தாவல் 2010இல் வந்தது. பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்ஸெட்டா, டவரில் ஆண்டெனாக்களை நூற்றுக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு போனில் நான்குக்கு மேல் வைக்க இடமில்லை என்றால் பல போன்களுக்கு ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் தனித்தனியாக அனுப்பலாம். கொணவட்டத்தில் இருப்பவரும் தோட்டப்பாளையத்தில் இருப்பவரும் நிச்சயமாக வெவ்வேறு இடத்தில் இருக்கிறார்கள். அதைவிட நம்பகமான வேறுபாடு எங்கே கிடைக்கும்? ஆனால் ஒவ்வொரு போனுக்கும் அலை எப்படிப் போய்ச் சேருகிறது என்பது டவருக்குத் தெரிய வேண்டும். இந்தியாவில் 5ஜிக்கான, 3.3 கிகாஹெர்ட்ஸில் தொடங்கும் அலைவரிசையில் போவதும் வருவதும் ஒரே அதிர்வெண்ணில், நேரத்தைப் பங்குபோட்டு நடக்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே என்பதால் போன் ஒரு சின்னச் சோதனை அலையை மேலே அனுப்பினால் போதும், டவர் மீதியைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

சத்துவாச்சாரிப் பெட்டிக்குத் திரும்புவோம். எட்டுப் பத்திகள், பத்திக்குப் பன்னிரண்டு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் குறுக்குச் சாய்வு ஜோடி ஒன்று. மொத்தம் 192. மேலும் கீழுமாக மும்மூன்றாகக் கட்டி 64 தனித்தனி அனுப்பி-வாங்கிகளுடன் இணைத்திருக்கிறார்கள். சின்னம்மா மகன் கேட்ட 64 இதுதான். நடைமுறையில் ஒரே நேரத்தில் கீழே அனுப்பப்படுவது அதிகபட்சம் 16 லேயர், அதாவது தரவுத் தொடர், அளவில்தான், அதுவும் பல பேருக்கிடையே பங்கு. மீதியெல்லாம் ஒருவருக்கான அலை மற்றவர் மேல் விழாமல் குவிக்கவும், வெறும் 200 மில்லிவாட்டில் முனகும் போனின் குரலைப் பொறுக்கி எடுக்கவும் செலவாகின்றன. செலவு என்றா சொன்னேன், அதுவே பாதி வேலை.

இந்தப் பெட்டியை ஒரு சித்திரை மாத நடுப்பகலில் மேலே ஏற்றும்போது கூட நின்றேன். கயிற்றைப் பிடித்திருந்த ரிக்கர், "சார், 4ஜி ஆண்டெனா ஆள் உயரத்துக்கு இருக்கும், ஆனால் லேசு. இது குட்டை, கனம் தாங்கவில்லை" என்றார். முதலில் வந்த பெட்டிகள் 40 கிலோவுக்கு மேல் இருந்தன, இப்போது பாதியளவுக்கு வந்துவிட்டன. கனம் ஆண்டெனாவால் வருவதில்லை. 64 அனுப்பி-வாங்கிகளும் அவற்றின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகட்டு வரிசைகளும்தான் கனம். மின்விசிறி கிடையாது, வேலூர் வெயிலில் காற்றுதான் கதி. உள்ளே சூடு எல்லை தாண்டினால் பெட்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். நடு இரவில் ஆளில்லாத நேரத்தில் பாதி அனுப்பி-வாங்கிகளை அணைத்துவைப்பதும் உண்டு, மின்கட்டணம் அப்படி.

இத்தனை கெட்டிக்காரத்தனமும் நெடுஞ்சாலையில் திணறுகிறது. சென்னை–பெங்களூரு சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒன்றரை மில்லிநொடியில் நான்கு சென்டிமீட்டரைக் கடந்துவிடுகிறது. அதாவது டவர் அளந்த வழி, பயன்படுத்தும் முன்பே பழசாகிவிடுகிறது. வேகமாகப் போகிறவருக்கு ஊசிபோல் குவித்து அனுப்புவதை விட்டுவிட்டு அகலமாக அனுப்புவதுதான் பத்திரம். ஆராய்ச்சியில் இப்போது சூடாக இருப்பவற்றில் ஒன்று, ஆண்டெனாக்களை ஒரே பெட்டியில் குவிக்காமல் ஊர் முழுதும் சிதறவைத்துச் சேர்ந்து இயக்குவது. லாங்கு பஜார் மாதிரியான இடத்துக்கு அது பொருந்தும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஃபைபர் இழுக்க அனுமதி வாங்கித் தருபவர் கிடைத்தால் நாளைக்கே தொடங்கலாம். அலையைத் திருப்பும் புத்திசாலிச் சுவர்கள் பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். தகர ஷட்டரும் தள்ளுவண்டியும் அதை இலவசமாகச் செய்துகொண்டிருக்கும் ஊரில் எனக்கு இன்னும் ஆசை வரவில்லை.

ஆனால் இதே பழைய வட ஆற்காட்டில் ஜவ்வாது மலை இருக்கிறது. மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கும் கிராமங்களுக்கு 3.5 கிகாஹெர்ட்ஸ் போய்ச் சேராது, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற நீண்ட அலைதான் வளைந்து நெளிந்து போகும். அதன் அரை அலைநீளம் 21 சென்டிமீட்டர். சத்துவாச்சாரிப் பெட்டியை அந்த அலைக்குச் செய்தால் ஐந்து மடங்கு பெருத்து ஒன்றே முக்கால் மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் உயரமும் வரும். மலைக் காற்றில் எந்தக் கம்பமும் அதைச் சுமக்காது. சுமந்தாலும் பயனில்லை, ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுக்க அங்கே அத்தனை பேர் கிடையாது. அங்கே போய்வரும்போதெல்லாம் நான் எழுதிக் கொடுப்பது ஒன்றேதான்: குறுக்குச் சாய்வு ஜோடி இரண்டு, மரங்களுக்கு மேலே எழும் கம்பம், மின்வெட்டில் ஓர் இரவு தாங்கும் பேட்டரி, அடிவாரத்துக்கு ஒரு மைக்ரோவேவ் இணைப்பு.